எட்டுப் பக்கப் பேய்க்கதை: படக்கதையாக வரைகிறவர்கள் கொஞ்சம் வாருங்கள்

மேலூரான்:

வணக்கம். குட்டிக் குட்டிப் பேய்க்கதைகளைப் படக்கதையாக வரைந்து ஒரு சிறு புத்தகம் போடலாம் என்று இருக்கிறேன். ஐந்து கதைகள், ஒவ்வொன்றும் எட்டுப் பக்கத்துக்குள், முழுக்கக் கறுப்பு வெள்ளை. எல்லாம் மேலூர், அழகர்கோயில், நத்தம் பக்கம் காதில் விழுந்தவை. பாட்டிகளிடம் கேட்டதைவிட டீக்கடையில் கேட்டவைதான் அதிகம்.

முதல் கதைக்குப் பென்சில் வரைவு முடிந்துவிட்டது. பெயர் 'எதிர் டார்ச்'. ராத்திரி பதினொரு மணிக்கு மும்முனை கரண்ட் வரும். வயலுக்கு மோட்டார் போட ஒருவன் டார்ச்சோடு கண்மாய்க்கரையில் நடக்கிறான். எதிர்க்கரையில் இன்னொரு டார்ச் வெளிச்சம். சித்தப்பா என்று நினைத்து இரண்டு தரம் ஆட்டுகிறான். அங்கேயும் இரண்டு தரம் ஆடுகிறது. மோட்டாரைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது போன் அடிக்கிறது. 'நான் இன்னைக்கு வரலப்பா, காய்ச்சலா இருக்கு' என்கிறார் சித்தப்பா. ஐந்தாம் பக்கம் முழுப் பக்கத்துக்கும் பேய்: விரித்த கூந்தல், வெள்ளைச் சேலை, காலில்லை. ஆறாம் பக்கத்தில் விடிகிறது. கரையில் அவனுடைய டார்ச் மட்டும் கிடக்கிறது.

வரைந்தவரை எனக்குப் பயமாக இல்லை. நண்பர்களிடம் காட்டினால் 'நல்லா இருக்கு' என்கிறார்கள். பேய்க்கதைக்கு அதைவிட மோசமான விமர்சனம் கிடையாது. எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள்.

தெப்பக்குளத்தான்:

தம்பி, எட்டுப் பக்கம் என்று நீங்கள் வைத்த அளவுக்குப் பழைய சொந்தக்காரர்கள் உண்டு. 1950-ல் அமெரிக்காவில் ஈ.சி. என்ற கம்பெனி மூன்று திகில் இதழ்களைத் தொடங்கியது. ஒரு இதழுக்கு நான்கு கதை, ஒரு கதைக்கு ஆறிலிருந்து எட்டுப் பக்கம். கதையின் முதல் படக்கட்டத்தில் ஒரு கிழட்டு உருவம் இளித்துக்கொண்டே வந்து கதையை ஆரம்பித்துவைக்கும். கடைசிக் கட்டத்தில் அதே உருவம் நக்கலாக ஏதாவது சொல்லிவிட்டுப் போகும். நடுவே ஒரு கெட்டவன், ஒரு கொலை, செத்தவன் எழுந்து வந்து கணக்குத் தீர்ப்பது. கெட்டவன் எப்படிச் சாகப்போகிறான் என்பதுதான் கதையே.

1954-ல் காமிக்ஸ் மீது அமெரிக்க செனட் துணைக்குழு விசாரணை வந்தது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே ஒரு விதிமுறை போட்டுக்கொண்டார்கள். தலைப்பில் 'ஹாரர்', 'டெரர்' என்ற சொற்கள் வரக்கூடாது. நடைபிணம், இரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எதுவும் கூடாது. அதோடு அந்த மூன்று இதழ்களின் கதை முடிந்தது. பத்து வருஷம் கழித்து, 1964-ல், வாரன் என்ற பதிப்பகம் 'கிரீப்பி'யைப் பெரிய பத்திரிகை அளவில், கறுப்பு வெள்ளையில் கொண்டுவந்தது. காமிக்ஸ் புத்தகத்துக்குத்தானே விதி, இது பத்திரிகை என்று நழுவிக்கொண்டார்கள். கெட்டிக்காரர்கள்.

நம் பக்கம் சிவகாசியிலிருந்து 1986-ல் திகில் காமிக்ஸ் வந்தது. அதில் கறுப்புக் கிழவி சொல்லும் குட்டிக் கதைகளை என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒரு பிரதி வந்தால் அட்டை கிழிந்து, பின் கழன்று, நடுப்பக்கம் காணாமல் போகும்வரை கை மாறும். நடுப்பக்கம் இல்லாத கதைதான் ரொம்பப் பயமாக இருந்தது என்பது வேறு விஷயம்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். உங்கள் ஆள் என்ன தப்பு செய்தான்? மோட்டார் போடப் போனான், அவ்வளவுதானே. அவனை ஏன் பேய் பிடிக்க வேண்டும்? ஈ.சி. கதை என்றால் அவன் சித்தப்பாவை ஏற்கெனவே கிணற்றில் தள்ளியிருப்பான். அப்போது அந்தப் போனுக்கு ஒரு அர்த்தம் வரும்.

பக்கம்திருப்பி:

ஐயா சொல்வதில் பாதிக்கு நான் உடன்படவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பக்கக் கணக்கு.

தம்பி, உங்கள் பேய் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்ப் புத்தகத்தில் ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் வலது கைப்பக்கம். வாசகர் மூன்றாம் பக்கத்தைத் திருப்பியதும் நான்கும் ஐந்தும் ஒன்றாகத்தான் விரியும். நான்காம் பக்கத்தில் போன் அடிப்பதற்கு முன்பே ஐந்தாம் பக்கத்துப் பேய் ஓரக்கண்ணில் விழுந்துவிடும். முழுப்பக்கம் வேறு. அப்புறம் சித்தப்பா காய்ச்சல் என்று சொன்னால் என்ன, கல்யாணம் என்று சொன்னால் என்ன?

படக்கதையில் வாசகர் கையால் திருப்பித்தான் அடுத்ததைப் பார்க்க முடியும். அதனால் அதிர்ச்சி எப்போதும் இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிக் கட்டம், வலது கீழ் மூலை, வாசகரைத் திருப்ப வைக்க வேண்டும்: கதவில் வைத்த கை, பாதி திரும்பிய தலை, அணைந்த டார்ச். ஜப்பான்காரர்கள் வலமிருந்து இடமாகப் படிக்கிறார்கள், அங்கே மூலை மாறும், கணக்கு மாறாது. அங்கே திகில் படக்கதை வரைகிற ஜுஞ்சி இட்டோவின் எந்தக் குறுங்கதையையும் எடுத்து இதற்காக மட்டும் புரட்டிப் பாருங்கள். சாதாரணமாகப் பேசிக்கொண்டே வருவார்கள், கடைசிக் கட்டத்தில் ஒருவர் எதையோ பார்த்துக் கண்ணை விரிப்பார், திருப்பினால் முழுப்பக்கம்.

இன்னொன்று. ஐந்து கதை சேர்ந்த புத்தகம் என்கிறீர்கள். ஒரு கதை ஏழு பக்கமாக முடிந்தால் அடுத்த கதை இடது பக்கத்தில் ஆரம்பிக்கும், அதற்கு நீங்கள் போட்ட கணக்கு அத்தனையும் தலைகீழ். எல்லாக் கதையையும் இரட்டைப்படைப் பக்கத்தில் முடியுங்கள், இல்லாவிட்டால் இடையில் ஒரு எழுத்துப் பக்கத்தைச் செருகுங்கள்.

இனி ஐயாவின் 'என்ன தப்பு செய்தான்'. இட்டோவின் ஒரு குறுங்கதையில் நிலநடுக்கத்தில் மலை பிளக்கிறது. பிளவு முழுக்க மனித வடிவத்தில் துளைகள். ஒருவன் வந்து பார்த்து, 'இது என் துளை, என் அளவுக்கு வெட்டியது' என்கிறான். ஏன், யார் வெட்டியது என்று கதை சொல்வதே இல்லை. அவன் எந்தப் பாவமும் செய்யவில்லை. படித்த பிறகு பல நாளுக்குச் சுவரில் விரிசல் பார்த்தாலே என்னவோ செய்யும். பழி வாங்கும் பேயிடம் நியாயமாவது பேசலாம். காரணமே இல்லாததிடம் என்ன பேசுவது?

தெப்பக்குளத்தான்:

ஜப்பானில் சரி. நம் ஊரில் காரணம் இல்லாமல் எந்தப் பேயும் பிடிக்காது. கோடாங்கி உடுக்கை அடித்து முதலில் கேட்பதே 'நீ யாரு, எங்க செத்த, எதுக்கு வந்த' என்பதுதான். பேயே வாயைத் திறந்து ஊர், பேர், செத்த காரணம் எல்லாம் சொல்லும். முகவரி இல்லாத பேயை நம் வாசகன் ஏற்றுக்கொள்ள மாட்டான்.

சிம்மக்கல்:

கேட்டால் சொல்லிவிடும் பேய்க்கு எதற்கு ஐயா பயப்பட வேண்டும்? கோடாங்கி வரும்வரைதான் பயம். கதை அதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

நாகமலைக்காரி:

மோட்டார் போடும் வீட்டிலிருந்து எழுதுகிறேன். தம்பி, உங்கள் கதை நடக்கும் வருஷம் எது? ஏனென்றால் இப்போது யாரும் கையில் டார்ச் பிடித்துப் போவதில்லை. நெற்றியில் கட்டுகிற லைட்தான். ஒரு கையில் மண்வெட்டி இருக்கும், இன்னொரு கை வரப்பில் வழுக்கினால் பிடித்துக்கொள்ள வேண்டும். நெற்றி லைட்டில் ஒரு சங்கதி இருக்கிறது. நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் வெளிச்சம், மற்றதெல்லாம் கும்மிருட்டு. தலையைத் திருப்பாமல் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கவே முடியாது. எதிரில் ஒருவர் நெற்றி லைட்டோடு வந்தால் அவர் முகம் உங்களுக்குத் தெரியாது, வட்டமாக ஒரு வெளிச்சம் மட்டும்தான். பேசின பிறகுதான் யார் என்று தெரியும். பேயை வரையும் வேலையே உங்களுக்கு மிச்சம்.

இன்னும் சொன்னால் பலர் வயலுக்கே போவதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் சிம் கார்டு போட்டு வைத்திருக்கிறார்கள். வீட்டில் படுத்துக்கொண்டே அதற்குப் போன் செய்தால் மோட்டார் ஓடும். கரண்ட் வந்தால் பெட்டியே நமக்குப் போன் செய்து சொல்லும். எங்கள் வீட்டில் அந்த நம்பருக்குக் 'கிணறு' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறோம். நடு ராத்திரியில் போன் ஒளிர்ந்து 'கிணறு அழைக்கிறது' என்று வரும். பழகிவிட்டது. ஆனால் சொந்தக்காரர்கள் வந்து தங்கினால் அலறுகிறார்கள்.

இதை உங்களுக்குத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்: போன மாதம் கேபிளோடு சேர்த்துப் பெட்டியையும் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டி இல்லை, மோட்டாரும் ஓடுவதில்லை. ராத்திரி பதினொன்றரைக்குக் 'கிணறு' அழைக்கிறது. எடுக்கிறார்கள். அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம்.

சிம்மக்கல்:

அக்கா, கும்பிடுகிறேன். இன்றைக்கு ராத்திரி என் போனை அணைத்து வைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

பக்கம்திருப்பி:

இது பெரிய கொடை அக்கா. போன் திரையைக் கட்டத்துக்குள் கட்டமாக வரையலாம். இருட்டு அறை, முழுக்கக் கறுப்பு, நடுவில் சின்ன வெள்ளைச் செவ்வகம், அதில் ஒரே சொல். இதையே ஒலியோடு படமாக எடுத்தால் தண்ணீர்ச் சத்தம் கேட்டுவிடும், அதோடு முடிந்தது. படக்கதையில் 'சளக்... சளக்...' என்று எழுத்தாக வரும்போது அது தண்ணீரா, காலடியா என்று வாசகர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்காட் மெக்ளவுட் 1993-ல் படக்கதையைப் பற்றிப் படக்கதையாகவே ஒரு புத்தகம் போட்டார். அதில் ஒரு கட்டத்தில் ஒருவன் கோடாரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் ராத்திரி நகரம், வானத்தில் ஓர் அலறல். வெட்டு எங்கேயும் வரையப்படவில்லை. இரண்டு கட்டத்துக்கும் நடுவே உள்ள வெள்ளைக் கோட்டில் வாசகர்தான் வெட்டினார் என்கிறார் அவர். உங்கள் ஐந்தாம் பக்கத்துக்கு இதுதான் மருந்து.

வெள்ளைச்சேலை:

எல்லோரும் 'காட்டாதே, காட்டாதே' என்றே சொல்கிறீர்கள். இதுவும் ஒரு சோம்பேறித்தனமாகிவிட்டது. அதே இட்டோ எல்லாவற்றையும் காட்டுகிறாரே! அவர் முதலில் பல் தொழில்நுட்பராக வேலை பார்த்தவர். 1987-ல் முதல் கதை வந்தது. தோல், பல், முடி என்று ஒவ்வொரு இழையாகக் கோடு போட்டு வரைவார். கண்ணை எடுக்கவும் முடியாது, வைக்கவும் முடியாது. வரையத் தெரிந்தவன் காட்டட்டும். தம்பியின் பேயில் தப்பு, அதைக் காட்டியது அல்ல. விரித்த கூந்தல், வெள்ளைச் சேலை, காலில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த பேயைக் காட்டியதுதான். அது பஸ் ஸ்டாண்ட் வார இதழ் அட்டையில் தொங்குகிற பேய். பார்த்ததும் 'ஓ, இதுவா' என்று நிம்மதியாகிவிடும்.

(என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அது கிண்டலாக வைத்தது.)

மேலூரான்:

எல்லோருக்கும் நன்றி. ஐந்தாம் பக்கப் பேயை நாடு கடத்தியாயிற்று. நெற்றி லைட் வந்துவிட்டது. ஐயா, முகவரி இல்லாத பேய்தான், மன்னிக்கவும்.

இரண்டாவது கதையைச் சொல்கிறேன். அழகர்கோயில் ரோட்டில் ராத்திரி குதிரைக் குளம்புச் சத்தம். வேட்டைக்குப் போகும் கருப்பன். வழியில் எதிர்ப்பட்ட ஒரு லாரி டிரைவர் ரத்தம் கக்கிச் சாகிறான். கருப்பனை முறுக்கு மீசை, வீச்சரிவாள், கோரைப் பல் என்று இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படமாகப் போடலாம் என்று...

வெள்ளியங்குன்றத்தான்:

அங்கேயே நிறுத்துங்கள். கருப்பன் பேய் அல்ல, சாமி. எங்களுக்குக் காவல். குழந்தைக்குப் பேர் வைப்பதும் அவர் பேர், முதல் முடி இறக்குவதும் அவர் சன்னதி. ராத்திரி குளம்புச் சத்தம் கேட்டால் 'ஐயா வேட்டைக்குப் போறாரு, திருட்டுப் பயல் ஊருக்குள்ள வரமாட்டான்' என்று நிம்மதியாகத் தூங்குவோம். தப்பு செய்யாத லாரி டிரைவரை அவர் ஏன் அடிக்கப் போகிறார்? இந்தக் கதை கேட்டவர்களுக்குப் பயம் வராது, கோபம் வரும்.

நாகமலைக்காரி:

கோபப்படாமல் சொல்லுங்கள் அண்ணே, தம்பி வெளியூர் இல்லையே, பக்கத்து ஊர்தான். ஆனாலும் பயம் இல்லை என்று சொல்லாதீர்கள். எங்கள் மாமியார் கருப்பன் கோயில் வாசலில் உரக்கப் பேசக்கூட விடமாட்டார்.

வெள்ளியங்குன்றத்தான்:

பயம் வேறு, பேய் வேறு தங்கச்சி. பயம் உண்டு. பதினெட்டாம்படிக் கருப்பன் சன்னதியில் நீங்கள் பார்ப்பது என்ன? மூடிய கதவு. சிலை கிடையாது. கதவுக்குத்தான் சந்தனம், கதவுக்குத்தான் மாலை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் மதுரைக்குப் புறப்படும்போது நகைப் பட்டியலை அந்தக் கதவுக்கு முன்னால்தான் வாசிப்பார்கள், திரும்பி வந்ததும் மறுபடி சரிபார்ப்பார்கள். கொடுக்கல் வாங்கல் வழக்கென்றால் அந்தப் படியில் வந்து சத்தியம் செய்யச் சொன்னால் போதும். பொய் சொல்கிறவன் கால் படியேறாது. கோர்ட்டில் கூசாமல் பொய் சொன்னவன்கூட அங்கே வந்து நின்று, 'வேண்டாம்ப்பா, பணத்தைக் கொடுத்துடுறேன்' என்று திரும்பியிருக்கிறான்.

கருப்பனை எடுக்க வேண்டுமானால் அந்த ஆளை எடுங்கள். பொய்ச் சத்தியம் செய்ய வந்தவன். மீசையும் அரிவாளும் நீங்கள் வரையவே வேண்டாம்.

தெப்பக்குளத்தான்:

பார்த்தீர்களா, நான் சொன்ன தப்பும் தண்டனையும் அழகர்கோயில் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. முகவரியோடு!

பக்கம்திருப்பி:

வந்துவிட்டது ஐயா, ஒத்துக்கொள்கிறேன். இதற்கு அது பொருந்தும். பதினெட்டுப் படி, எட்டுப் பக்கம். பக்கம் முழுக்க ஒரே அளவுக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு படி, ஒரு கால். மேலே போகப் போகக் கட்டத்துக்குள் கறுப்பு ஏறிக்கொண்டே வரட்டும். ஆறாம் பக்கத்தில் கதவு. திறக்க வேண்டாம். அவன் வாயைத் திறக்கிறான், பேச்சுப் பலூன் இருக்கிறது, பலூனுக்குள் எழுத்து இல்லை.

வெள்ளியங்குன்றத்தான்:

இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சன்னதி என்று பெயர் போட்டால் கதவையும் படியையும் நேரில் வந்து பார்த்துவிட்டு வரையுங்கள். படத்தைப் பார்த்து வரைந்தால் ஊர்க்காரன் கண்டுபிடித்துவிடுவான்.

விளாங்குடி2005:

எனக்கு ஒரு சந்தேகம். எதற்குப் புத்தகம்? யார் வாங்குவார்கள்? போனில் மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே படிக்கிற மாதிரி போடுங்கள். கொரியாவில் ஹொராங் என்பவர் 2011-ல் இணையத்தில் ஒரு குட்டிப் பேய்க்கதை போட்டார். தள்ளிக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் படம் திடீரென்று தானாக ஓடும், பேய் நம் பக்கம் பாயும். உலகம் முழுக்க ஒருவருக்கொருவர் அனுப்பி அலற வைத்தார்கள். உங்கள் இரட்டைப்படை, ஒற்றைப்படைக் கணக்கு எதுவும் தேவையில்லை.

வெள்ளைச்சேலை:

அது ஒரு தடவைதான் வேலை செய்யும். பின்னாலிருந்து வந்து 'பே' என்று கத்துவது பேய்க்கதை இல்லை.

ஆனால் தள்ளிப் படிக்கும் வடிவத்தை ஒதுக்கவும் மாட்டேன். எமிலி கேரல் என்ற கனடா நாட்டு ஓவியர் 2010-ல் ஒரு கதையை இணையத்தில்தான் போட்டார். அண்ணன் தம்பி இருவர், காட்டில் ஒரு குழி. அவர்களில் ஒருவன் குழிக்குள் இறங்கும் இடத்தில் படம் கீழே, கீழே என்று நீண்டுகொண்டே போகும். நம் கைதான் அவனை இறக்குகிறது. நிறுத்தலாம், ஆனால் நிறுத்த மாட்டோம். அந்தக் கதை 2014-ல் புத்தகமாகவும் வந்தது, அதற்காகப் பக்கங்களை வேறு மாதிரி அடுக்க வேண்டியிருந்தது. அக்காவின் கிணற்றுக் கதைக்குப் போன்தான் சரியான இடம். போனில் படிக்கிற கதையில் போன் அடிக்கிறது. எதிர் டார்ச்சுக்குப் புத்தகம்தான்.

விளாங்குடி2005:

ஆனாலும் தமிழில் இதற்கெல்லாம் ஆள் இல்லை என்றுதான் சொல்வேன். எல்லோருக்கும் படம் அசைய வேண்டும், பாட்டுப் பாட வேண்டும்.

தெப்பக்குளத்தான்:

தம்பி, இரும்புக்கை மாயாவி 1972-ல் முத்து காமிக்ஸில் வந்தார். இன்றைக்கும் மறுபதிப்புக்கு ஆள் காத்திருக்கிறது. தமுக்கம் புத்தகத் திருவிழாவில் காமிக்ஸ் இருக்கும் மேஜைப் பக்கம் போய் நின்று பாருங்கள். அறுபது வயசுக்காரர்கள் பேரனைச் சாக்காக வைத்து வாங்கிக்கொண்டிருப்பார்கள். ஆள் இருக்கிறது. அவர்களிடம் புதுசாகத் தமிழில் எழுதி வரைந்தது போய்ச் சேரவில்லை, அதுதான் குறை.

நெறியாளர்:

ஆள் இருக்கிறதா இல்லையா என்ற விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே போங்கள். இங்கே வரைவு பற்றி மட்டும்.

மைக்காரன்:

அச்சகத்தில் இருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பேய்ப் புத்தகம் போடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் கறுப்பு விஷயத்தில்தான் வந்து மாட்டுகிறார்கள்.

பக்கம் முழுக்கக் கறுப்பு வேண்டும் என்பீர்கள். 60 ஜிஎஸ்எம் (ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்துக்கான அளவு) தாளில் முழுக் கறுப்பு அடித்தால் பின்பக்கம் தெரியும். நீங்கள் அரும்பாடுபட்டு அடுத்த பக்கத்தில் ஒளித்த பேய், முந்தைய பக்கத்திலேயே நிழலாகத் தெரியும். குறைந்தது 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போடுங்கள், முடிந்தால் 100. பளபளப்புத் தாள் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டு மின்னும், இருட்டு இருட்டாக இருக்காது.

நூறு, இருநூறு பிரதி என்றால் டிஜிட்டலில்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டலில் டோனர் தாளுக்கு மேலே படிந்து நிற்கும், மை மாதிரி உள்ளே இறங்காது. அதனால் மடிக்கும் இடத்தில் கறுப்பு வெடித்து வெள்ளைக் கோடு விழும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே படம் என்று ஆசைப்பட்டீர்களே, அதன் நடுமுதுகில் வெள்ளைக் கீறல் ஓடும். ஆயிரம் பிரதி போகிற தைரியம் இருந்தால் மையில் அடிக்கிற ஆஃப்செட்டுக்கு வாருங்கள்.

சென்டர் பின் அடிப்பதென்றால் மொத்தப் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஐந்து கதை எட்டெட்டாக நாற்பது, முன்னும் பின்னும் சேர்த்து 44 என்றால் கணக்கு சரி. ஓரம்வரை கறுப்பு வந்தால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைந்து கொடுங்கள், இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளை நூல் மாதிரி விளிம்பு தெரியும். கோட்டுச் சித்திரத்தை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். தினமும் யாராவது ஒருவர் அனுப்புகிறார்.

மேலூரான்:

அண்ணே, இது தனியாக ஒரு இழைக்கு உரிய விஷயம். ரொம்ப நன்றி. பலூன் எழுத்துக்கு என்ன செய்கிறீர்கள்? 'திரும்பிப்பார்க்காதீங்க' என்று போட்டால் பலூன் முகத்தையே மறைத்துவிடுகிறது.

மைக்காரன்:

படம் வரைந்த பிறகு பலூன் வைத்தால் அப்படித்தான் ஆகும். முதலில் எழுத்து, அப்புறம் படம். அந்த ஈ.சி. கம்பெனியில் எழுத்துகளைப் பலகையில் முதலிலேயே எழுதிவிட்டுத்தான் ஓவியரிடம் கொடுப்பார்கள், மிச்ச இடத்தில்தான் அவர் வரைய வேண்டும். அவர்கள் பக்கத்தை எழுத்தால் நிரப்பிவிடுவார்கள், அதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் எழுத்து அகலம் அதிகம், மேலே கீழே கொம்பும் சுழியும் வேறு. பலூன் ஒன்றுக்கு நான்கைந்து சொல்லுக்கு மேல் வைக்காதீர்கள். 'திரும்பாத' என்று போட்டால் போதும். மதுரையில் யார் அவ்வளவு முழுசாகப் பேசுகிறார்கள்?

கையெழுத்து ஓரளவு இருந்தால் கையாலேயே எழுதுங்கள். படம் நடுங்குகிற கோட்டில் இருந்து, எழுத்து மட்டும் கல்யாணப் பத்திரிகை ஃபான்ட்டில் இருந்தால் பேயும் மொய் எழுத வந்த மாதிரி ஆகிவிடும்.

பக்கம்திருப்பி:

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் காட்டுவதையே பெட்டிக்குள் எழுதாதீர்கள். அவன் நடப்பது தெரிகிறது, 'அவன் நடந்தான்' எதற்கு?

மேலூரான்:

சரி, எதிர் டார்ச்சைத் திருத்தி அடுக்கியிருக்கிறேன். இப்போது எட்டுப் பக்கம்.

1: கண்மாய்க்கரை, நெற்றி லைட், எதிர்க்கரையில் ஒரு வெளிச்சம். 2, 3: இவன் தலையை இரண்டு தரம் ஆட்டுகிறான், அங்கேயும் இரண்டு தரம். சித்தப்பா என்று சிரித்துக்கொள்கிறான். 4, 5: மோட்டார் போடுகிறான். ஐந்தின் கடைசிக் கட்டத்தில் போன் அடிக்கிறது, திரையில் 'சித்தப்பா'. 6: முதல் கட்டத்தில் 'நான் வரலப்பா'. பிறகு எதிர்க்கரை, வெளிச்சம் அங்கேயே இருக்கிறது. 7-க்கும் 8-க்கும் தவிக்கிறேன். வெளிச்சம் பக்கத்தில் வருகிற மாதிரி போட்டால் பழைய கதையாகிறது. அணைந்துபோகிற மாதிரி போட்டால் ஒன்றுமே இல்லாமல் போகிறது.

நாகமலைக்காரி:

வெளிச்சம் அங்கேயே இருக்கட்டும் தம்பி. இவன் ஆட்டினால் அது ஆட்டுகிறது, சரிதானே. இப்போது அது முதலில் ஆட்டட்டும். மூன்று தரம். இவன் சும்மா நிற்கிறான், ஆட்டவில்லை, ஆட்டக்கூடாது என்று கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பக்கம் திருப்பினால் இவன் தலை ஆடுகிறது. ஒன்று.

வெள்ளைச்சேலை:

அக்கா!!!

பக்கம்திருப்பி:

ஏழில் எதிர்க்கரை வெளிச்சம் மூன்று சம கட்டங்களில், மூன்று வெவ்வேறு சாய்வில். ஏழின் கடைசிக் கட்டம் இவன் முகம், பல்லைக் கடித்துக்கொண்டு. எட்டின் முதல் கட்டத்தில் இவன் நெற்றி லைட், ஏழாம் பக்க முதல் கட்டத்தில் இருந்த அதே சாய்வில். அத்தோடு கதை முடிந்தது. எட்டாம் பக்கத்தின் மீதியைக் கறுப்பாக விடுங்கள். விடியலும் வேண்டாம், கரையில் கிடக்கும் டார்ச்சும் வேண்டாம்.

தெப்பக்குளத்தான்:

நான் இன்னமும் அவன் என்ன தப்பு செய்தான் என்றுதான் கேட்பேன். ஆனால் இந்தக் கதையில் அதைக் கேட்கிற நேரத்தில் எனக்கும் கழுத்து வலிக்கிறது.

மைக்காரன்:

எட்டாம் பக்கத்தில் முக்கால் பக்கம் கறுப்பு என்றால் 100 ஜிஎஸ்எம்தான், பேரம் கிடையாது. ஒன்பதாம் பக்கத்தில் அடுத்த கதையின் தலைப்பைக் கொஞ்சம் கீழே தள்ளி வையுங்கள்.

நாகமலைக்காரி:

அப்புறம் தம்பி, நாலாம் பக்கத்து மாதிரிப் படம் பார்த்தேன். ஸ்டார்ட்டர் பெட்டியில் அவன் சிவப்புப் பொத்தானை அமுக்கி மோட்டார் ஓடுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள். சிவப்பு நிறுத்துவதற்கு, பச்சைதான் ஓட்டுவதற்கு. கறுப்பு வெள்ளையில் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் குறிப்பு எழுதியிருக்கிறது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் தண்ணீர் உடனே வராது, குழாய் கொஞ்ச நேரம் இருமும். அந்த இருமலுக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

மேலூரான்:

மாற்றிவிட்டேன் அக்கா. இருமலுக்கு இரண்டு கட்டம் போட்டிருக்கிறேன். அழகர்கோயில் படிகளை இந்த ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்த்துவிட்டு வந்து இரண்டாவது கதையின் வரைவை ஏற்றுகிறேன். வெள்ளியங்குன்றம் அண்ணன் ஊரில் இருந்தால் சொல்லுங்கள்.

வெள்ளியங்குன்றத்தான்:

இருப்பேன். காலையிலேயே வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது.